பத்து ஆர்ட்டின்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் தபால் வேலை என்னுடையது. அப்பா கூடத்தில் இருப்பார், அம்மா அடுப்படியில் இருப்பாள். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பதை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். பேச்சுதான் நின்றிருந்தது.

விஷயம் பிரான்ஸ். தாத்தா வழியில் அப்பாவுக்கு அந்த ஊர்க் குடியுரிமை இருந்தது. பாரீஸில் அத்தை அவருக்கு வேலையும் பார்த்து வைத்திருந்தாள். அம்மாவோ கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வேலையை உயிராக நினைத்தவள். "போலாமா?" என்று அப்பா கேட்டபோதெல்லாம் "உங்க இஷ்டம்" என்றாள். பிறகு அதையும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அப்பாவுக்கு அந்த மௌனத்தின் மேல்தான் கோபம்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பெரியப்பா வீட்டில் பிரிட்ஜ் சீட்டு ஆடுவது நிற்கவில்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். எந்த ஜாதிச் சீட்டு துருப்பு என்று கேட்கும் ஏலத்தைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாத ஆட்டம் என்பதால் பேச்சில்லாதவர்களுக்கு ரொம்ப வசதி. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் சீட்டுகளைப் பார்ப்பேன். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று கட்டளை.

அன்று ஏலத்தில் அப்பா ஆர்ட்டின் சொன்னார். அடுத்து பெரியப்பா, தன்னிடம் கிளாவரும் டைமண்டும் நிறைய இருப்பதைக் காட்டும் ஏலத்தைச் சொன்னார். இப்படி வந்தால் எதிராளியின் அந்த இரண்டு ஜாதிகளில் ஒன்றையே நாமும் ஏலத்தில் சொல்லலாம். அது கூட்டாளிக்குச் சேதி. எங்கள் வீட்டு ஏற்பாட்டில் கிளாவர் என்றால் 'உங்கள் ஆர்ட்டினுக்கு நான் துணை'. டைமண்ட் என்றால் 'என்னிடம் இஸ்பேட் இருக்கிறது, அதைப் பாருங்கள்'.

அம்மாவிடம் ஆர்ட்டின் நான்கு, இஸ்பேட் ஐந்து. இதற்குக் கிளாவர்தான் என்பது எனக்கே தெரியும். அவளும் எப்போதும் அதைத்தான் சொல்வாள். அன்று சீட்டுகளை மூடினாள், விரித்தாள், பெரியம்மா கொட்டாவி விடும்வரை யோசித்தாள்.

"மூணு டைமண்ட்."

அப்பா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "நாலு இஸ்பேட்" என்றார்.

ஏலம் அதோடு முடிந்தது. இஸ்பேட்தான் துருப்பு. இஸ்பேட்டை வாய்விட்டுச் சொன்னவர் அப்பா என்பதால் ஆடுவது அவர், அம்மா தன் சீட்டுகளை மேசையில் பரப்பினாள். நான் அப்பாவின் பின்னால் போய் நின்று அவர் சீட்டுகளைப் பார்த்தேன். இஸ்பேட் வெறும் மூன்று. ஆர்ட்டின் ஆறு! நான் கட்டளையை மறந்து வாயைப் பிளந்தேன்.

பெரியப்பாவிடம் ஆர்ட்டினே இல்லை. துருப்புப் போட்டு வெட்டித் தள்ளினார். ஒரு பிடியில் தோற்றோம்.

"ரெண்டு பேருமா பத்து ஆர்ட்டின வச்சிக்கினு இஸ்பேட் ஆடுறீங்களே" என்று வயிறு குலுங்கச் சிரித்தார் பெரியப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "இவ்ளோ ஆர்ட்டின் வச்சிக்கினு ஏன் இஸ்பேட் சொன்னீங்க?" என்றாள். தபால்காரி நடுவில் இல்லாமல், நேராக அப்பாவிடம்.

"நீ சொன்னியே" என்றார் அப்பா. "இன்னிக்கித்தான உன் இஷ்டத்த சொன்ன."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்ற வருத்தம் என்று நினைத்து, அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளைத் தேற்றினேன்.

மறுநாள் காலை அப்பா ஸ்கூட்டரில் அவளைக் கோரிமேட்டில் கொண்டுபோய் விட்டார். என் தபால் வேலையும் போயிற்று. பிரான்ஸுக்கு நாங்கள் போகவேயில்லை. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆட்டத்தில் தோற்றதால்தான் அனுப்பவில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் அன்றைக்குக் கிளாவர் சொல்லியிருந்தால் நாங்கள் இந்நேரம் பாரீஸில் இருப்போம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டேன்.