வரிசையில் பன்னிரண்டு பேர்

வீட்டில் எல்லோரும் அவளைத் 'தலைவி' என்று கூப்பிட ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷமாக அவள் பெயர் 'கணக்கு'. மூன்று வயதில் மாடிப்படிகளை எண்ணிக்கொண்டே ஏறியவள். பள்ளிக்கூட விழாவில் தலைமையாசிரியர் எத்தனை தடவை 'ஆகவே' என்று சொல்கிறார் என்று எண்ணி, அந்தக் காகிதத்தோடு பிடிபட்டவள். நாற்பத்தொரு தடவை. கல்லூரியில் புள்ளியியல் தவிர வேறெதையும் படிக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசுவது மட்டும் அவளுக்கு வரவே வராது.

அப்படிப்பட்டவளைத்தான், பொது நிர்வாகத்தில் இளம் தலைவர்களை உருவாக்கும் ஓராண்டு ஃபெல்லோஷிப்புக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"மேல போறவங்க எல்லாம் நடுவுல மாட்டிக்கிட்டுதான் எனக்கு போன் பண்ணுவாங்க. நீயும் என் நம்பரை வெச்சுக்க தலைவி" என்றார்.

அன்றிலிருந்து தலைவிதான் பால் வாங்கினாள், தலைவிதான் துணி காயப்போட்டாள், அக்கா குளிக்கப் போனால் நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்ததும் தலைவிதான்.

ஃபெல்லோஷிப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் அந்த வருஷம் பட்டம் வாங்கியவர்கள், எல்லோரும் நாட்டைத் திருத்த வந்தவர்கள். முதல் நாள் பயிற்சி அறையில் வட்டமாக உட்காரவைத்து, "உன்னை நீ எந்த மிருகமாகப் பார்க்கிறாய்" என்று கேட்டார்கள். ஒன்பது பேர் சிங்கம். ஒருத்தி கழுகு. ஒருவன் நதி என்றான். நதி மிருகம் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. இவள் முறை வந்தபோது, யோசிக்காமல் எறும்பு என்று சொல்லிவிட்டாள். பயிற்சியாளர் அம்மா முகத்தில் இரக்கத்தோடு அதைக் குறித்துக்கொண்டார்.

நதி என்று சொன்னவனுக்கு முதல் நாளே 'மைக்' என்று பெயர் விழுந்தது. கையில் மைக் இல்லாதபோதும் அவன் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்தே இருக்கும். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, "இதில் மூன்று கோணங்கள் இருக்கின்றன" என்றுதான் ஆரம்பிப்பான். அவனையே குழுவுக்குத் தலைவனாகப் போட்டார்கள். எண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இவளுக்கு வந்தது. அவளுக்கு அதில் சந்தோஷம்தான்.

முதல் வாரப் பணி, மாநகராட்சியின் பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவில் மக்கள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. மேலிருந்து பார்க்கக்கூடாது, மக்களோடு மக்களாக வரிசையில் நின்று பார்க்கவேண்டும் என்று பயிற்சியாளர் அம்மா சொன்னார். யார் என்று அங்கே சொல்லக்கூடாது. எந்த அலுவலகம் என்று வீட்டிலும் மூச்சு விடக்கூடாது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆணையர் முன்னால் உரை. அதைப் பார்த்துத்தான் யார் ஆணையரின் அலுவலகத்துக்கு, யார் குப்பை லாரிக் கொட்டகைக்கு என்பது முடிவாகும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே பன்னிரண்டு பேரும் போய் வரிசையில் நின்று ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு அறுபது டோக்கன். கூரைவிசிறி மூன்று, அதில் ஓடுவது ஒன்று. ஒரே ஒரு சன்னல், அதற்குப் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு குமாஸ்தா. டோக்கன் எண் வந்ததும் ஒவ்வொருவராகப் போய், ஏதோ சான்றிதழ் வேண்டும் என்பதுபோல, தயாரித்து வைத்திருந்த ஒன்பது கேள்விகளைக் கேட்டார்கள். மைக் தன் மாமாவின் இறப்புச் சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். மாமா எப்போது இறந்தார் என்று குமாஸ்தா கேட்டார். அதை மட்டும் மைக் தயார் செய்யவில்லை.

"இன்னும் முடிவு பண்ணல சார்" என்றான்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவனை ஒருமுறை முழுசாகப் பார்த்தார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

இவள் மட்டும் தன் கேள்விகளை முடித்துவிட்டுக் கதவோரம் நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக ஏறும் எண்ணும் கருவியோடு வருவோர் போவோரை எண்ணினாள். போன மாதத்துப் பதிவேட்டையும் குமாஸ்தாவிடம் கெஞ்சி வாங்கிப் பார்த்தாள். தினமும் வந்தது ஐம்பத்தைந்து பேர்போல. டோக்கன் இல்லை என்று திரும்பிப் போனவர்கள் யாருமில்லை. அன்று மட்டும் ஏழு பேர் திரும்பிப் போனதைத் திங்கட்கிழமைக் கூட்டம் என்று விட்டுவிட்டாள். பதிவேட்டை நம்பித்தான் அன்று ராத்திரி அக்காவுக்கு ஆலோசனை சொன்னாள்.

அக்காவின் கதை இதுதான். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிற திங்கட்கிழமை அவள் திரும்பியாகவேண்டும். அத்தான் லாரியில் போனால் வர இருபது நாள். அம்மா தையல் கம்பெனியில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் குழந்தையின் பெயரோடு பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் இடம்; இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த குழந்தைக்கு. சான்றிதழ் வாங்க ஏன் இவ்வளவு தாமதம் என்றால், அக்காவும் அத்தானும் பெயருக்குச் சண்டை போட்டு முடிக்கவே மூன்றரை மாதம் ஆகிவிட்டது.

குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு நிதானமாக ஒன்பதே காலுக்குப் போனால் போதும், தாராளமாக டோக்கன் கிடைக்கும் என்று தலைவி அடித்துச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு, சும்மா ஒரு கணக்குதான் என்றாள்.

செவ்வாயும் புதனும் அக்கா குழந்தையோடு போனாள். இரண்டு நாளும் வாசல் கேட்டிலேயே காவலாளி கையை விரித்துவிட்டார். புதன் ராத்திரி சாப்பிடும்போது அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யாரோ பன்னெண்டு பேராம்டி. வாட்ச்மேன் சொன்னாரு. தினமும் விடியறதுக்குள்ள வந்து டோக்கன் எடுத்துக்கறாங்களாம். கையில ஒரு காகிதம் கிடையாதாம். சன்னல்ல நின்னு கேள்வியா கேக்கறாங்களாம். வேலைவெட்டி இல்லாத கூட்டம். அவங்க மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

தலைவிக்குப் புரையேறிவிட்டது. அப்பா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

சாப்பிட்டதும் நோட்டை எடுத்துப் பார்த்தாள். திங்கள் டோக்கன் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஏழு பேர். செவ்வாய் பதிமூன்று. புதன் இருபத்திரண்டு. இதை மத்தியானம் அவளேதான் வரைபடமாகப் போட்டு மைக்கிடம் கொடுத்திருந்தாள். மூன்றே நாளில் நெருக்கடி மூன்று மடங்காகிவிட்டது என்று அவன் கண் பளபளத்தது; தலைப்புக்கூட வைத்துவிட்டான். ஐம்பத்தைந்தோடு பன்னிரண்டைக் கூட்டினால் அறுபத்தேழு. அறுபதைக் கழித்தால் ஏழு. திரும்பிப்போன ஏழு பேர் மறுநாள் மறுபடி வருவார்கள். இரண்டாம் வகுப்புக் கணக்கு. மக்களின் கஷ்டத்தைக் கண்டுபிடிக்க வந்த பன்னிரண்டு பேரும், சிங்கம், கழுகு, நதி, எறும்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கஷ்டம்.

தன் டோக்கனை அக்காவுக்குக் கொடுத்துவிடலாமா என்று வியாழன் காலை வரிசையில் நின்றபடி யோசித்தாள். டோக்கன் கொடுக்கும்போது பெயர் எழுதிக்கொள்வார்கள் என்பது ஒரு பக்கம். பொதுச்சேவைக்கு வந்த முதல் வாரமே சொந்த அக்காவுக்கு டோக்கன் ஒதுக்கிய பெருமை மறுபக்கம் உறுத்தியது. கேட்டுக்கு வெளியே அக்கா குழந்தையை இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றி நின்றுவிட்டு, மூன்றாவது நாளாகத் திரும்பிப் போவதைத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தாள். எண்ணும் கருவியை அழுத்தவேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. அவள் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட ஒரே ஆள் அக்காதான்.

மத்தியானம் குழுக் கூட்டத்தில் கையைத் தூக்கினாள். அவள் கை தூக்கியதே செய்தி என்பதால் எல்லோரும் திரும்பினார்கள். கணக்கைச் சொன்னாள்.

"நாம மக்களோட மக்களா நிக்கிறோம்" என்றான் மைக். "கூட்டம் அதிகமானதுக்குக் காரணம் நாமன்னு சொன்னா, மக்கள்தான் காரணம்னு சொல்ற மாதிரி ஆயிடும். அது நியாயமா?"

"மக்கள்கிட்ட காகிதம் இருக்கு. நம்மகிட்ட கேள்விதான இருக்கு" என்றாள் இவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பயிற்சியாளர் அம்மா அதை மிக ஆழமான கேள்வி என்று பாராட்டி, ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதி, 'பிறகு பேச வேண்டியவை' என்ற பலகையில் ஒட்டினார். போன வருஷத்துக் காகிதங்களே இன்னும் அதில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. இவள் விடவில்லை. நாளைக்காவது யாரும் வரிசைக்குப் போகவேண்டாம் என்றாள். அதற்குப் பெரிய விவாதம் நடக்கும் என்று பயந்தாள், நடக்கவில்லை. உரைக்கு ஒத்திகை பார்க்க நேரமே இல்லை என்று மைக் ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்தான். ஒத்திகைக்காக வரிசையைத் தியாகம் செய்வது என்று ஒருமனதாக முடிவானது. கடைசி நாள் எண்களுக்காக இவள் மட்டும் பத்தரை வரை கதவோரம் நிற்கவேண்டும்.

ராத்திரி அக்காவிடம், நாளைக்கு ஒருதடவை மட்டும் போய்ப் பார் என்றாள். உன் கணக்கை நம்பி மூன்று நாள் போனது போதும் என்றாள் அக்கா. ஆனாலும் போகாமல் வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை பழைய பாக்கிக் கூட்டம் எல்லாம் ஒட்டுமொத்தமாக வந்திருந்தது. அறுபது டோக்கனும் எட்டே காலுக்குள் தீர்ந்துபோயிற்று. அக்கா கேட்டுக்கு வெளியே எழுபதாவதோ எண்பதாவதோ ஆளாக நின்றாள். இவள் நோட்டை மூடினாள். சன்னல் பக்கம் போனாள்.

குமாஸ்தா நிமிராமலேயே கேட்டார். "மத்த பதினோரு பேர் எங்க?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. திங்கட்கிழமையே எண்ணிவிட்டாராம். அலுவலகத்துக்குள் பந்தயமே ஓடிக்கொண்டிருந்தது: சினிமா எடுக்கிறார்கள் என்று காவலாளி, ஊழல் தடுப்புக்காரர்கள் என்று தட்டச்சு அம்மா, வீட்டில் விரட்டிவிட்ட பிள்ளைகள் என்று குமாஸ்தா.

"மக்களோட கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தோம் சார்" என்றாள்.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். இனிமே வரமாட்டோம்."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆளுக்கு எட்டு நிமிஷம், பன்னிரண்டு பேர் என்று அவர் உதடு முணுமுணுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிச்சம்; காகிதத்தோடு வருபவருக்கு மூன்று நிமிஷம் போதும். இவளுக்கு அந்த முணுமுணுப்பு சங்கீதமாகக் கேட்டது; தன்னைப்போல் இன்னொருவர். அவர் மேசையறையைத் திறந்து இன்னும் இருபத்தைந்து டோக்கனை எடுத்துக் காவலாளியிடம் கொடுத்தனுப்பினார். அக்காவுக்கு எழுபத்தெட்டு. தன் தங்கை தூணோடு தூணாக நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை. குழந்தை அவள் காதுத்தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

மாடி அரங்கத்தில் பதினொரு மணிக்கு உரை. ஆணையர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். மைக் நெருக்கடியைப் பற்றி உருகினான். கடைசியாக இவள் கொடுத்த புது வரைபடம் திரையில் வந்தது. நாலு நாள் ஏறிக்கொண்டே போன காத்திருப்பு நேரம், வெள்ளிக்கிழமை தடாலென்று பாதியாக இறங்கியிருந்தது. மைக் ஒரு நொடி திருதிருவென்று விழித்தான். ஒரே ஒரு நொடிதான். அடுத்த நொடி, தங்கள் குழுவின் தலையீட்டால் ஒரே நாளில் நிலைமை பாதியாகக் குறைந்தது என்று கையை விரித்தான். பயிற்சியாளர் அம்மா கைதட்டினார். ஆணையர் அம்மாவின் பேனா நின்றது.

"நிஜமாவா? அப்படி என்ன பண்ணீங்க?"

"இதில் மூன்று கோணங்கள் இருக்கின்றன மேடம்" என்றான் மைக்.

இவள் கடைசி வரிசையில் மடிக்கணினியோடு இருந்தாள். கீழே டோக்கன் அறுபதைத் தாண்டியிருக்கும். நாளைக்கு இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எல்லா அலுவலகத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்தாள். கால் தானாக எழுந்துவிட்டது. வாய்க்கும் வேறு வழி இருக்கவில்லை.

"நாங்க வரிசைக்குப் போகல மேடம். அவ்வளவுதான் பண்ணோம்."

அரங்கில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஆணையர் அம்மா திரும்பி இவளை ஒருமுறை பார்த்தார். சிரித்தாரா என்று சொல்லமுடியாது. ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த கோப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

மூன்று மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஆணையர் அலுவலகத்துக்கு மைக். குப்பை லாரிக் கொட்டகைக்கு இவள். அங்கே முப்பத்தாறு லாரி இருக்கின்றன, எத்தனை ஓடுகின்றன என்று யாருக்கும் தெரியாது, எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஆணையரே பெயர் குறித்துக் கேட்டாராம். இது தண்டனையா பாராட்டா என்று பன்னிரண்டு பேரும் விவாதித்தார்கள். அதற்கும் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டப்பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றே முக்காலுக்குக் காப்பகத்தில் சான்றிதழைக் கொடுத்துவிட்டாளாம். கால் மணி நேரம் மிச்சம். நல்லவேளை, அந்தத் தடிப்பசங்கள் பன்னிரண்டு பேரும் இன்றைக்கு வரவில்லை என்றாள். காலரா வந்திருக்கும் என்றாள்.

தலைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பதினோரு பேர்தான் தடிப்பசங்க" என்றாள். "பன்னெண்டாவது நான்."

அப்பா கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அக்கா அவளையே பார்த்தாள். மூன்று நாள், கைக்குழந்தை, வெயில், வாசல் கேட் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்து போயின. தலைவி எண்ணவில்லை.

"காப்பகம் ஏழரைக்குத் திறப்பாங்க" என்றாள் அக்கா கடைசியில். "உன் கொட்டகை எந்த வழி?"

"அந்த வழிதான்."

"அப்போ திங்கட்கிழமையில இருந்து குழந்தையை விடறது உன் வேலை. ஒரு வருஷத்துக்கு" என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "காலங்காத்தால கிளம்பித்தான் உனக்குப் பழக்கம் ஆயிடுச்சே."

குழந்தை தலைவியின் தோளில் முகத்தைப் புதைத்து, கேட்காமலேயே ஒரு ஏப்பம் விட்டது.