ரோமர்களும் அம்மாவின் ஒப்பாரியும்

எழுபதுகளில் போடியிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போய்க் கல்லூரியில் நான் படித்தது வரலாறு. அதில் ஒரு பாடம், கிரேக்கர்களும் ரோமர்களும் வரலாறு எழுதிய விதம். கிரேக்கர் ஒருவர், தளபதி என்ன பேசினான் என்று தெரியாத இடத்தில், என்ன பேசியிருக்க வேண்டுமோ அதைத் தானே எழுதிவிட்டாராம். ரோமர்கள் சாவு வீட்டில் பேசிய பெருமையெல்லாம் பிற்பாடு வரலாறாகவே ஆகிவிட்டதாம். சுத்தப் புளுகு மூட்டை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வருஷமே அப்பா செத்துப்போனார். ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு மலையிறங்கி வந்தவர் பிழைக்கவில்லை. குடித்துவிட்டு வந்து, தெருவுக்குச் சத்தம் கேட்காமல் அம்மாவை அடித்த மனிதர் அவர். அடிபட்ட அதே அம்மா, சாவுக்கு வந்த பெண்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி பாடினாள்:

"கைநீட்டி அடிச்சதில்ல, கடுஞ்சொல்லு சொன்னதில்ல,
கண்கலங்க விட்டதில்ல, என் ராசா போனீகளே!"

எனக்கு அழுவதா, கத்துவதா என்றே தெரியவில்லை.

காரியம் முடிந்த பிறகு கேட்டேன். "ஏம்மா இப்பிடிப் பொய்யாப் பாடுன?"

"பின்ன? அடிச்சாக, ஒதச்சாகன்னு பாடவா? ஒங்கக்கா கல்யாணத்துக்கு நிக்கிறா. குடிகாரன் மகளுன்னா எவன்டி வருவான்? படிச்ச கழுத!" என்று வைதாள். பிறகு, "எனக்கு வாச்சிருக்க வேண்டியவரப் பாடுனேன்" என்றாள்.

அட கடவுளே! இது ரோமர் கணக்கா, கிரேக்கர் கணக்கா? பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை, மெய் என்று ஒப்பவும் மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து, சின்னமனூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பாவின் சாவுக்குத் துட்டி கேட்க வந்திருந்தவர், என்னிடம் கேட்டார்.

"ஒங்கம்மா பாடுனதக் கேட்டேன். ஒப்பாரின்னா நாலும் பாடுவாக. நீ வரலாறு படிக்கிற புள்ள, பொய் சொல்ல மாட்ட. ஒங்கப்பா நெசமாவே அப்பிடித்தானா?"

அக்கா காப்பித் தட்டோடு அசையாமல் நின்றாள். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமாங்கத்தை. எங்கம்மாவ ஒரு நாளும் கைநீட்டி அடிச்சதில்ல."

அக்காவுக்கு அங்கேயே பூ வைத்தார்கள். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சாவு வீட்டில்கூட அப்படி அழாதவள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.