மாலை போட்ட நாரை

போன கிழமை அலுமாரியின் அடித்தட்டில் குழந்தைத் துணி தேடியபோது, விரித்திருந்த கடதாசிக்குக் கீழிருந்து என் தகப்பனார், ஐயாவின் படமொன்று வந்தது. நான் பார்க்குமுன் மகன் அதன் மூலையைக் கடித்துவிட்டான். படம் கழுவிய மருந்து ஏதும் அதில் இருக்குமோ என்று அவன் வாயைக் கழுவினேன். போதாதென்று தோன்றி மறுபடியும் கழுவினேன். சிரிக்காதீர்கள். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். நீண்ட மூக்குள்ள கார். அருகில் வெள்ளைக் கோட்டுடன் ஐயா. பின்னால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில்.

முறிகண்டி என்றால் கற்பூரத்துக்கு முன் எனக்குக் கச்சான் கடலை வறுக்கும் வாசம்தான் வரும். அங்கே நின்று தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் போகாது. கிளிநொச்சியில் குடியேற்றக் காணி கிடைக்கும்வரை ஐயா யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய மனிதரின் சாரதி. "காரின்ரை மூக்கிலை ஒரு வெள்ளிப் பறவை. முறிகண்டியிலை அதுக்கும் மாலை போட்டுத்தான் கொழும்புக்கு எடுப்பன்" என்பார். மாலை போட்ட பறவை என்றால் ஊராருக்கு மயில்தான். "மயில் இல்லையடாப்பா, நாரை" என்றதும் சிரிப்புக் கூடிவிட்டது.

"மீன் தின்னுற சாமானுக்கு ஆர் மாலை போடுறது?"

அன்றிலிருந்து ஐயாவுக்கு மயில்வாகனத்தார் என்று பெயர். புளுகர் என்று அர்த்தம்.

ஐயா காலமான பிறகும் அது போகவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து ராசம்மா மாமி என் மகனைக் கண்டால், "என்ன, மயில்வாகனத்தாற்றை பேரன் இண்டைக்குக் காரிலையோ?" என்பார். புளுகர் பேரன் என்று பிள்ளைக்கும் ஒட்டிவிடுமோ என்று பயந்தேன். ஐயா சொன்னது உண்மையோ என்று எனக்கே நிச்சயமில்லை.

படத்தில் பறவையின் உடலை மாலை மூடியிருந்தது. "ஹம்பர் காராய் இருக்கும்" என்றார் கணவர். யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். மாலைக்கு முன்னால் நீட்டிய கழுத்து. பின்னால் ஒட்டிக்கிடந்த கால்கள். இரணைமடுக் குளத்தின்மேல் நாரைகள் அப்படித்தான் பறக்கும். ஆனாலும் சந்தேகம். கணவர் தான் வேலை செய்யும் கந்தோரில் கிடந்த பழைய மோட்டார் சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே நாரை. காரின் பெயர் இஸ்பானோ சுயிசா.

"இஞ்சரும், உம்மடை ஐயா சொன்னது சரிதான்."

மறுநாள் இரண்டையும் வேலிக்கு மேலால் நீட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, நாரைதான். பாவம், அந்த மனுசன்."

அந்தக் காரைப் பிறகு உடைத்து, எஞ்சினை ஏதோ தோட்டத்தில் தண்ணீர் இறைக்கப் பூட்டினார்கள் என்று ஐயா சொல்லியிருந்தார். மாமி இப்போது மகனை அவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நான் விரும்பியதும் அதுதான். ஆனால் இவ்வளவு நாளும் ஐயாவைப் பற்றி ஒருவராவது கதைத்துக்கொண்டிருந்தார்.