ஊர் மாத்திரை

சென்ற குளிர்காலத்தில் அண்ணனுக்கு ஃப்ளூ வந்தது. நான்காம் நாள், மெல்பர்ன் புறநகரான கிளேட்டனில் உள்ள வீட்டில், அவரால் குளியலறையிலிருந்து கட்டிலுக்கு நடக்க முடியவில்லை.

"தொடையை யாரோ கிரைண்டர்ல போட்டு அரைச்ச மாதிரி இருக்குடா," என்றார்.

சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போவதாக அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னார். மருத்துவமனைக்குக் காரை நான்தான் ஓட்டினேன்.

தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருப்பதாக இரத்தப் பரிசோதனை சொன்னது. வைரஸும் இப்படிச் செய்யும், சில மருந்துகளும் செய்யும் என்றார் இளம் டாக்டர். அண்ணனின் கொழுப்பு மாத்திரையை அன்றே நிறுத்தினார். பிறகு கேட்டார்: ஊரிலிருந்து வந்த மருந்து, மூலிகை என்று வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா?

எங்களைப் பார்த்தால் மட்டும் மூலிகை ஞாபகம் வந்துவிடும் என்று எரிச்சலாக இருந்தது. அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் "நோ" என்றேன். சென்னையில் பதினெட்டு ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தவன். இரண்டு பேரிடம் கேட்காமல் ஒரு தகவலையும் எழுதியதில்லை.

டிரிப் ஏற ஏற இறங்க வேண்டிய அந்தக் கழிவின் அளவு, இரத்தத்தில் மூன்றாம் நாளும் ஏறியது. மருந்துகளைச் சரிபார்க்க வந்த பெண் என்னை விட்டுவிட்டு நேராக அண்ணியைக் கேட்டார். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது ஹார்ட் மாத்திரை தம்பி, நம்ம மயிலாப்பூர் டாக்டர் கொடுத்தது. அவங்க நிறுத்தச் சொன்னது கொழுப்பு மாத்திரையைத்தானே?"

"இங்க வந்தப்புறமும் கொடுத்தீங்களா?"

"ஆமா, தினம் சாப்பாட்டுக்கு அப்புறம். இவங்கதான் ஹார்ட்டைக் கண்டுக்கவே இல்லையே."

பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். கீழே பொடி எழுத்தில், இங்கே நிறுத்திய அதே மருந்து. மெல்பர்ன் டாக்டருக்காக ஒன்று, மயிலாப்பூர் டாக்டருக்காக ஒன்று என்று அண்ணன் பல மாதங்களாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். ஜனவரியில் சென்னையிலிருந்து அந்த அட்டைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான். ஊர் மருந்து என்றால் கஷாயம் என்று நினைத்தேன், இது மாத்திரை.

சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வைரஸா, இரட்டை மாத்திரையா, அந்த மூன்று நாட்களா, எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் நிபுணர்.

அண்ணனை டயாலிசிஸுக்கு உள்ளே விட்டுவிட்டு வந்த ஒரு நாள் அண்ணி காரில் சொன்னார்: "கொடுத்தது என் கைதானே தம்பி."

நான் பார்க்கிங் தேடுவதுபோல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.