ஆறு நட்டுச் சக்கரம்

அக்காவின் ஸ்பானர் இப்போது என் பிக்கப் வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. சிலுவை வடிவம், அதன் ஒரு கையில் மட்டும் அவள் சுற்றிய பச்சை டேப். மலேசியாவில் தம்பின் ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளை அவள்தான் வேனில் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போனாள். டயர் மாற்ற யாரையும் கூப்பிட்டதில்லை. பழைய வேன் சக்கரத்தில் ஐந்து நட்டுகள். ஒன்றை முடுக்கி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை முடுக்குவாள். கை போன வழியில் கோடு இழுத்தால் ஐந்து முனை நட்சத்திரம் வரும், ஒன்றும் விடுபடாது. "மொத நட்டுக்குத் திரும்பி வந்துட்டா வேல முடிஞ்சிச்சுலா" என்பாள்.

அடுத்து வாங்கிய வேனுக்கு ஆறு நட்டுகள்.

அதன் முதல் பஞ்சர் ஒரு பள்ளி நாள் காலையில். நான் பத்திரிகை வேலையில் விடுப்பெடுத்து அவள் வீட்டில் இருந்தேன். வீட்டு வாசலில் வேன் ஏற வந்த பதினொரு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "ஆன்ட்டி, இன்னிக்கி டெஸ்ட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். "படிக்காதவளுக்கு என்னடி அவசரம்?" என்றபடி அக்கா ஆறு நட்டுகளையும் விரலால் திருகினாள். பிறகு ஸ்பானரால் ஒன்று விட்டு ஒன்றாக முடுக்கி, முதல் நட்டுக்கு வந்ததும் எழுந்து கையைத் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வேன் போனபின் வாசலில் ஸ்பானர் கிடந்தது. எடுத்தபோதுதான் மனம் அவள் கை போன வழியில் போனது. ஒன்று, மூன்று, ஐந்து, மறுபடி ஒன்று. ஐந்தில் நட்சத்திரம், ஆறில் வெறும் முக்கோணம். மீதி மூன்றை ஸ்பானர் தொடவே இல்லை.

ஓட்டும்போது அவள் போனை எடுக்கமாட்டாள். ஸ்பானரோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பெரிய சாலைக்கு இறங்கும் தோட்டப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் முதலில் ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்தேன், பிறகுதான் சாலையை. மூன்றாவது வளைவில் ஒரு நட்டு கிடந்தது. நான் நிற்கவில்லை.

பெரிய சாலை முனையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்டு வேன் நின்றிருந்தது. குறுக்கே நிறுத்தினேன். "ஏன்டா, அக்காவ மோதிட்டு நீயே பேப்பர்ல எழுதுவியா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சக்கரத்தைக் காட்டினேன். குனிந்து விரல் வைத்து எண்ணினாள். முடுக்காமல் விட்டதில் மீதி இரண்டு நட்டுகளும் விரலுக்கே சுழன்றன. முடுக்கி முடித்தும் அவள் பச்சை டேப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "லேட்டுக்கு ஆன்ட்டிதான் காரணம்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

வேனை விற்றபோது ஸ்பானரை என்னிடம் தந்தாள். "நீ எண்ணிப் பாக்கிறவன், வச்சுக்க."

என் பிக்கப்புக்கும் ஆறு நட்டுகள்தான். மூன்றை முடுக்கியதும் ஸ்பானர் முதல் நட்டுக்கு வந்து நிற்கும். எல்லாம் முடிந்துவிட்டதுபோலவே இருக்கும். அந்த இடத்தில்தான் இன்றும் நிறுத்தி, மீதி மூன்றை விரல் வைத்து எண்ணுகிறேன்.