அரை மணித்தியாலம்

தம்பையாவின் மூத்த மகள் பூரணிக்கு ஊரில் 'இல்லாட்டிப் பூரணி' என்று பெயர். கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா என்றால், "கடை பூட்டிக் கிடந்தா?" என்பாள். பக்கத்துக் கடையில் வாங்கு என்றால், "அங்கயும் இல்லாட்டி?" என்பாள். தாய் புஷ்பவதிக்குப் பொறுமை போய்விடும். "இவளைக் கட்டப்போறவன் பாவம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பாவப்பட்டவன் கடைசிவரை வரவேயில்லை. கொம்பியூட்டர்தான் வந்தது. அதற்கு மட்டும் அவளுடைய கேள்விகள் அலுக்கவில்லை.

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட நாட்களின் கடைசியில், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, அவள் திருகோணமலை நகரத்தில் ஒரு மருத்துவ உதவி நிறுவனத்தில் கொம்பியூட்டர் நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். தங்கை தங்கேஸ்வரி ஊரோடேயே இருந்தாள். அந்த ஊர் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கட்டைபறிச்சானும் தாண்டி, அரசாங்கத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. தங்கேஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியிருந்தது, ஆனால் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கிழமைக்கு ஒருமுறை தவறாமல் காட்டவேண்டும், இல்லையென்றால் பிள்ளையும் இல்லை, தாயும் இல்லை என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காட்டுவது என்றால் லேசான காரியமா? நிறுவனத்தின் சாரதி, மூதூர் ஆதம்பாவா, வாகனத்தை ஆமியின் சோதனைச்சாவடி வரை கொண்டுவருவார். நோயாளிகள் அங்காலிருந்து நடந்து வந்து ஏறவேண்டும். வாகனம் அங்கே கால் மணித்தியாலத்துக்கு மேல் நிற்க அனுமதியில்லை. முன்பெல்லாம் வாய்வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். பூரணியின் நிரல் வந்தபிறகு யார், எப்போது வரவேண்டும் என்று சீட்டு அடித்துப் போனது. தங்கேஸ்வரியின் முதல் சீட்டில் காலை ஒன்பது என்று இருந்தது. அன்றைக்கு அவள் வாகனத்தைக் காணாமல் திரும்பிப் போனாள்.

பூரணி அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் ஆதம்பாவா, அவளோடு தொலைபேசியில் கோபமாகவே பேசினார்.

"தங்கச்சி, சீட்டுல ஒம்பது எண்டு போட்டா, எந்த ஒம்பது?"

"ஒம்பதில எத்தினை ஒம்பது கிடக்கு, காக்கா?"

"ரெண்டு கிடக்கு! இஞ்சால புது நேரம், அங்கால பழைய நேரம். முந்தி நான் வாயால கேட்டுச் சொல்லுவன். இப்ப உங்கட கொம்பியூட்டர் சொல்லுது, நான் என்னத்தைக் கேக்க?"

நேரத்துக்குமா கட்சி என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது ஐயா, இருந்தது. தொண்ணூற்றாறில் மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கொஞ்ச மாதத்தில் பாதியை இழுத்துக்கொண்டது. அரை மணித்தியாலம் கூடுதலாகவே நின்றுவிட்டது. இயக்கத்தின் பக்கம் அதை ஏற்கவில்லை. சாவடிக்கு இங்கால் ஒன்பது என்றால் அங்கால் எட்டரை. பூரணி ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவடி தாண்டியதும் கை தானாகவே மணிக்கூட்டைத் திருப்பும். கைக்குத் தெரிந்தது, நிரல் எழுதும்போது தலைக்கு வரவில்லை. வெளிநாட்டுக்காரன் மறந்தால் மன்னிக்கலாம். இவள் மறந்தாளே! அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

அரை மணியைக் கழித்துவிட்டால் அன்றைய பிரச்சினை தீரும். ஆனால் அரசாங்கம் மறுபடியும் முள்ளைத் திருப்பினால்? ஒரே வருடத்தில் இரண்டு தரம் திருப்பியவர்கள்தானே. நேரக் கணக்குக்கு அவள் பயன்படுத்தியது ஒரு திறந்த லைப்ரரி. யாரோ எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் பொதுவில் விட்ட நிரல் அது. நாட்டின் பெயரைக் கொடுத்தால் நேரத்தைத் தரும். ஒரு நாட்டுக்கு ஒரு நேரம் என்பதில் அதற்குச் சந்தேகமே கிடையாது. அந்த நினைப்பைத்தான் மாற்றவேண்டும் என்று பூரணிக்குப் பட்டது. குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட திகதி தொடங்கி குறிப்பிட்ட திகதி வரை, வேறு நேரம் இருக்கலாம் என்று திருத்தம் எழுதி அனுப்பினாள். மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் இதே லைப்ரரியைப் பாவிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களும் இதே குழியில் விழக்கூடாது அல்லவா.

அதைப் பராமரித்தவர் எங்கோ ஒரு குளிர் நாட்டுக்காரர். மரியாதையாகவே பதில் எழுதினார். இந்த நேரத்தை எந்த அரசாங்கம் அறிவித்தது? இந்தப் பிரதேசத்தின் பெயர் என்ன? இது எப்போது முடிவடையும்?

மூன்று கேள்வியும் தொண்டையில் சிக்கிய முள். பெயர் எழுதினால் எந்தப் பெயரை எழுதுவது? ஒரு பெயருக்கு இந்தப் பக்கம் அடிப்பான், மற்றதற்கு அந்தப் பக்கம் அடிப்பான். யோசித்து யோசித்து, 'உள்ளூர் வழக்கம்' என்று மட்டும் எழுதினாள். பிறகு இப்படிப் பதில் போட்டாள்: "யார் அறிவித்தார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. இந்த நேரத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணி வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். முடிவுத் திகதியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது இங்கே யாருக்கும் தெரியாது."

சில நாள் போயின. பிறகு திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. முடிவுத் திகதி வெறுமையாக இருந்தாலும் நிரல் உடையாமல் இருக்கச் சோதனைகள் எழுதித் தரமுடியுமா என்றும் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தங்கேஸ்வரி ஒரு தவணையும் தவறவிடவில்லை. "உங்கட தங்கச்சி நல்லா இருக்கிறா. பிள்ள நல்லாத் துடிக்குதாம், அல்ஹம்துலில்லாஹ்" என்று ஆதம்பாவா சொல்லும்போதெல்லாம் பூரணிக்குப் போன உயிர் திரும்பி வரும்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரை வருடப்பிறப்போடு அரசாங்கம் மணிக்கூட்டைப் பழையபடி திருப்பிவிட்டது. எத்தனையோ கந்தோர்களில் கொம்பியூட்டர்கள் தடுமாறின. பூரணி அந்த வெறுமையான இடத்தில் திகதியைப் போட்டாள். சோதனைகள் எல்லாம் சரிவந்தன. தங்கேஸ்வரிக்கு அடுத்த சீட்டு அடித்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்து, வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்பதென்று முடிவாகியிருந்தது. சீட்டில் ஒன்பது மணி என்று இருந்தது, அங்காலும் அதே ஒன்பது. பத்து வருடத்தில் முதல்முறையாகத் தானும் தங்கையும் ஒரே நேரத்தில் இருப்பதை நினைக்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நாள் வருமுன் சண்டை மூண்டு, பீரங்கிச் செல்லடி தொடங்கிவிட்டது. குடாவுக்கு அங்கால் புகை எழும்புவது நிறுவனத்தின் கந்தோர் ஜன்னலிலிருந்தே தெரிந்தது. பாதை பூட்டு. பூரணி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குத் தொலைபேசி எடுத்தாள், ஆஸ்பத்திரிக்கு எடுத்தாள், பெரிய பெரிய அமைப்புகளுக்கு எடுத்தாள். எல்லோரும் "பாப்பம்" என்றார்கள். ஆதம்பாவா மட்டும் சொன்ன நாளில் வாகனத்தைக் கொண்டுபோனார். சாவடிக்குக் கிட்டவும் விடாமல் துவக்கை நீட்டித் திருப்பிவிட்டார்கள்.

"மூணு தரம் கேட்டுட்டன் தங்கச்சி. ஏலாது எண்டுட்டாங்க. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று அந்த மனிதர் தொலைபேசியில் விம்மினார்.

பிறகு ஊரே கிளம்பித் தெற்காலே காடு கரையெல்லாம் நடந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு ஒரு சேதியும் இல்லை. அடுத்த வருடம் மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில், நீலத் தறப்பாளுக்குக் கீழே, பூரணி தங்கையைக் கண்டுபிடித்தாள். தங்கேஸ்வரி மெலிந்து கருத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை இல்லை. பூரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பாயில் இருந்தாள்.

தங்கேஸ்வரிதான் முதலில் பேசினாள்.

"நான் பிந்தேல்லை அக்கா. விடிய வெள்ளெனவே வந்து சாவடிக்கு முன்னால மதகடியில நிண்டனான். செல் விழவும் சனமெல்லாம் ஓடினது, நான் ஓடேல்லை. வாகனம் வந்து பாத்திட்டுப் போயிடும் எண்டு பயத்தில நிண்டனான். இந்த முறை நான் பிந்தேல்லை."