பெயர்ப் பலகை இல்லாத தெரு

கண்டியில் முன்பு நாங்கள் கடை வைத்திருந்த தெருவில் நேற்று நடந்தேன். புதிய போர்டு மாட்டுவதற்காகப் பேக்கரியின் பழைய போர்டைக் கழற்றியிருந்தார்கள். அழுக்கேறிய சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. என் கால் நகரவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. தமிழர் கடைகளைத் தேடி எரிக்கும் கலவரக் கும்பல் லொறியில் வருகிறது என்று கேள்விப்பட்டதும், அப்பா எங்கள் தையல்கடையின் தமிழ்ப் பெயர்ப் பலகையை ஏணி வைத்து அவசரமாகக் கழற்றினார். எதிரே இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா பதறி ஓடி வந்தார்.

“என்ன வேல செஞ்சீங்க மாஸ்டர்! இந்தத் தெருவுல போர்டு இல்லாத கடை இப்ப ஒங்கட கடை மட்டுந்தான். இதுதான் தமிழ்க் கடைன்டு நீங்களே காட்டிக் குடுக்குறீங்களே!”

நானா ஏணியைத் தூக்கிப்போய்த் தன் போர்டையும் இறக்கினார். அதைப் பார்த்த பேக்கரிக்காரர், அவர் சிங்களவர், ஒன்றும் கேட்காமல் ஏணிக்குக் கை நீட்டினார். அவர் கடைக்கு அந்தச் சிங்களப் பெயர்தான் காவல். அதையே இறக்கிவிட்டார்! பிறகு ஏணி கடை கடையாகப் போனது. தெரு முழுக்க வெளுத்த சதுரங்கள்.

எல்லாரும் கதவடைத்துக்கொள்ள, பேக்கரிக்காரர் மட்டும் வாசலில் நின்றார். கும்பல் வந்து, தமிழ்க் கடை எது என்று அவரிடம் கேட்டது. கதவிடுக்கில் கண்வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “எல்லாமே நம்ம கடைதான்” என்று சிங்களத்தில் சொன்னார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“ஏணி ஆடுதுங்கக்கா, கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?” என்றார் போர்டு மாட்ட வந்தவர்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.